சுவரோடு ஒரு படி

— உந்தக் கார்ட்டில கனநேரமா என்னத்தைப் பாக்கிறியள், ஜெறாட்டின்ர அப்பா? தேத்தண்ணி ஆறுது.

— ஏதோ பழைய காலத்துப் படம், பிலோமினா. வெள்ளைக் கோயில், பெரிய மரங்கள். அமெரிக்காவின்ர தெற்குப் பக்கமாம். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதில கட்டினதெண்டு கீழ அடிச்சிருக்கு.

— சுவரோட வெளியால ஒரு படி போகுதெல்லோ. அதுக்கு என்ன போட்டிருக்கு?

— பொறு, வாசிக்கிறன்... அடிமையள் ஏறுற படியாம். முன்வாசலால அதுகள் வரக்கூடாதாம். உதால ஏறி, மேல பின்னுக்கு இருந்து பூசை கண்டிட்டு, உதாலயே இறங்கிப் போகவேணுமாம். சீ.

— தேத்தண்ணியைக் குடியுங்கோ.

— இறங்காது. உச்சியில சிலுவையை நட்டு வச்சுக்கொண்டு செய்யிற வேலையே இது? பெற்றோல் செட்டில என்னோட ஷிப்ட் நிக்கிற சார்ள்ஸும் கறுப்பன்தானே, எவ்வளவு தங்கமான மனுசன். அவன்ர பூட்டனையும் இப்பிடித்தானே ஏத்தியிருப்பாங்கள். நினைக்க விசர் வருது.

— ஊரில எங்கட கோயில்ல மேற்கு வாசல் ஆருக்கு?

— அது வேற.

— சாஞ்சிருக்க வாங்கு ஆருக்கு, வெறும் நிலம் ஆருக்கு? நாங்கள் நற்கருணை வாங்கி முடிச்ச பிறகுதானே, குறைஞ்ச சாதியெண்டு ஒதுக்கினவை எழும்பி வந்தவை.

— ஆரும் பிடிச்சுத் தள்ளேல்லையே. அவையாத்தான் அங்கால போய் இருந்தவை. அது முறை.

— றோஸ்மலரும் சின்னனில அந்த நிலத்திலதான் முழங்காலில நிண்டவள்.

— அந்தப் பேரை இந்த வீட்டில எடுக்காதை எண்டனான்.

— இது தொண்ணூத்திநாலாம் ஆண்டு, லண்டன் பிளேஸ்டோவில இருக்கிறம். இஞ்ச கோயில்ல எல்லாருக்கும் ஒரே வாங்குதான். ஜெறாட்டுக்கும் அவளுக்கும் கலியாண ஓலை வாசிச்சு அறிவிச்சா நடுப்பூசையில எழும்பி மறிப்பன் எண்டு சுவாமியாரிட்டயே போய்ச் சொன்னனீங்கள். முப்பது வருசம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டவள் சொல்லுறன், எனக்கு உங்களைப் பாக்க அருவருப்பாக் கிடக்கு.

— என்னவும் சொல்லு. நான் உயிரோட இருக்குமட்டும் அந்தக் கலியாணம் நடக்காது. அவன் கொம்பனி வேலையா அமெரிக்கா போய் மூண்டு கிழமை. வரேக்க எல்லாத்தையும் மறந்துபோய்த்தான் வருவான், இருந்து பார்.

— நீங்கள் கார்ட்டின்ர முன்பக்கத்தைத்தான் பாத்தனீங்கள். காலமைத் தபாலில வந்தது. திருப்புங்கோ.

— இது... ஜெறாட்டின்ர கையெழுத்து.

— ஓம். எனக்குக் கேக்க வாசியுங்கோ.

— ‘அப்பா, அம்மா, போன சனிக்கிழமை இந்தக் கோயிலில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. முன்வாசல் எங்களுக்காகத் திறந்துதான் இருந்தது. றோஸ்மலர் அந்தப் பக்கத்துப் படியால்தான் வருவேன் என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன்.’