கடித்த ரொட்டியும் கடலோர அச்சும்

அவைக்கு அணியாய், அமைதிக்கு அடையாளமாய், நடுநாயகமாய் வீற்றிருக்கும் உணவுத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஹைதர்குல் ஐயா அவர்களே! முதல் வரிசையை மூடுபனிபோல் நிறைத்திருக்கும் வெண்தாடிப் பெரியோர்களே! விடியும் முன்னே எழுந்து, தந்தூர் அடுப்பின் தணலுக்குள் கைவிட்டு, வெந்த விரல்களோடும் வாடாத முகங்களோடும் வந்திருக்கும் வெண்முக்காட்டுத் தாய்மார்களே! ஜாம் காய்ச்சும் தங்கைகளே! தயிர்க்கட்டி உருட்டும் தம்பிகளே! பந்தலுக்கு வெளியே பலாவ் அண்டாவைச் சுற்றிக் காவல் நிற்கும், அங்கிருந்தே என் பேச்சையும் கேட்கும் அன்பர்களே! உங்கள் அனைவருக்கும், கலாவோசியோ கிராமத்து எர்காஷ் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் ஸலாம்!

"வெளிநாட்டில் பிளாஸ்டிக் தட்டு செய்து தருபவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?" இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கொடுத்தவர் விவரம் தெரிந்தவர். இந்தத் தலைப்பில் பேசச் சமர்கண்டில் என்னை விட்டால் யார் உண்டு? நான் எட்டாம் வகுப்பு படித்தவன். அதையும் மூன்று முறை படித்தவன். ஒரே முறை படித்துவிட்டு ஓடியவர்களுக்கு அந்த ஆழம் வருமா?

அங்கே பின்வரிசையில் யார் சிரிப்பது? நோர்முரோதா? சிரி, தம்பி, சிரி. இந்தக் கதையில் நீயும் வருகிறாய்.

பெரியோர்களே! எங்கள் மஸ்துரா அக்காவை அறியாதவர் இந்த மன்றத்தில் இருக்கலாம். அவர் ரொட்டியை அறியாத வயிறு இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. கணவரை இழந்த பிறகு ஒற்றை அடுப்பில் தொடங்கியவர். இன்று அவர் கொட்டகையில் பதினோரு பெண்கள், வெளிவேலை பார்க்க நான். அந்தப் பெண்களில் ஐந்து பேர் விதவைகள். நான்கு பேருக்குக் கணவன்மார் ருஷ்யாவில் கூலி வேலை. மீதி இரண்டு பேருக்குக் கணவன்மார் வீட்டிலேயே இருக்கிறார்கள், அது அதைவிடக் கஷ்டம். பதினோரு வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு கொட்டகையால். அவர்கள் சுடும் ரொட்டி நிலவைப்போல் வட்டம், நடுவில் முள் பதித்த முத்திரைக்கட்டையால் குத்திய பூவேலை, மேலே எள், தட்டினால் மத்தளம்போல் ஓசை! நான் ஒருமுறை தட்டியதற்குப் பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்று நினைத்து இரண்டு பேர் மொய்யோடு வந்துவிட்டார்கள்.

இந்த ரொட்டிக்கு அல்மாத்தியில் ஒரு பெரிய கடை வாசல் திறந்தது. அந்தக் கடையில் சரக்கு வாங்கும் பொறுப்பில் இருப்பவர் ஜனார் என்ற பெண்மணி. மூன்று முறை லாரி போனது. மூன்று முறையும் என்ன ஆனது? அட்டைப்பெட்டிக்குள் ரொட்டி வியர்த்தது. மேல் ரொட்டியின் கனத்தில் கீழ் ரொட்டியின் பூ நசுங்கியது. ஜனார் சொல்லிவிட்டார்: "அக்கா, ருசியில குறை இல்ல. ஆனா நசுங்கின ரொட்டிய அலமாரியில வெக்க முடியாது. நாலாவது தடவையும் இப்படி வந்தா அஞ்சாவது இல்ல."

அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு ரொட்டிக்கும் அதன் உருவத்திலேயே குழிந்த ஒரு தட்டு. அது எப்படிச் செய்கிறார்கள்? நான் விஞ்ஞானமாகவே சொல்கிறேன். பிளாஸ்டிக் தகட்டை அப்பளம்போல் சுடுகிறார்கள். அது குழைந்ததும் அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுகிறார்கள். தகடு அச்சை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறது, பட்டாளத்திலிருந்து வந்த மகனைத் தாய் கட்டிக்கொள்வதுபோல! ஆறியதும் எடுத்தால் தட்டு. ஆனால் அச்சை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். தவறான ஆளிடம் வெட்டினால் அதைத் தூக்கி வந்து கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது.

கடல் வாசனையே அறியாத ஊர் நம் ஊர். கடலோரத்துத் தொழிற்சாலைகளில் யாரை நம்புவது? மஸ்துரா அக்காவின் மருமகள் ஃபெருசா சீன மொழி படித்தவள். அவள் தேடித் தேடி மூன்று பெயர்களைப் பொறுக்கினாள். இஸ்தான்புல்லில் ஒன்று. சீனத்து நிங்போவில் ஒன்று, பெரியது. அதே சீனத்து ஷியாமெனில் ஒன்று. சிறியது, இருபதே பேர்.

"மூணு பேருக்கும் அளவு போட்டு ஒரு வரைபடம் அனுப்பணும், மாமா" என்றாள்.

"வரைபடமா? சமர்கண்ட் ரொட்டி மூணு வருஷம் வெச்சாலும் கெடாது, பாப்பா. தண்ணி தெளிச்சுச் சுட வெச்சா நேத்து சுட்ட மாதிரி எழுந்து உக்காரும். ரொட்டியேதான் வரைபடம்! நானே கையில எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

கைதட்டாதீர்கள். தட்டுகிற இடம் இது இல்லை.

புறப்படும் காலை. மூன்று ஊருக்கு மூன்று ரொட்டி, பொறுக்கி எடுத்த முத்துக்கள், தனித்தனி வெள்ளைத் துணி விரித்துத் தயாராய் இருந்தன. பயணம் போகிறவன் ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டுப் போக வேண்டும், மீதி ரொட்டி அவன் திரும்பும்வரை வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும் என்பது நம் முறை. என் மனைவி சலோமத் ரொட்டியை எடுத்து வந்தாள்.

"ஏங்க, கடிங்க."

கடித்தேன்.

"மூணு ஊருக்குல்ல போறீங்க? ஒரு கடி எந்த ஊருக்குன்னு எழுதியா வெச்சிருக்கு? இன்னும் ரெண்டு ரொட்டியக் கடிங்க."

தாய்மார்களே, மனைவி சொல்லும்போது தர்க்கம் பேசும் ஆண்மகன் இந்த மாவட்டத்தில் பிறந்திருக்கிறானா? மூன்று ரொட்டியையும் கடித்தேன். அவள் கைக்கு எட்டியது துணியில் இருந்த அந்த முத்துக்கள்தான் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. கடித்த வாயோடு பெட்டியைத் தூக்கினேன். இடுப்பில் ஒரு மின்னல்! அப்படியே வளைந்தவன் வளைந்தபடி நின்றேன். என்னைக் கட்டிலுக்குத் தூக்கிப் போனார்கள். நான்கு பேர் போதவில்லை, ஆறு பேர். அந்தக் களேபரத்தில் யாரோ மூன்று துணியையும் மடித்து முடிந்தார்கள். ஃபெருசா முடிச்சுகளை அவிழ்க்காமலே மூன்றையும் தபாலில் அனுப்பிவிட்டாள்.

போனது கடித்த ரொட்டி. மூன்றும் கடித்த ரொட்டி!

இஸ்தான்புல்லிலிருந்து முதலில் பதில் வந்தது. பளபளவென்று ஒரு புத்தகம். அட்டையைப் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். கூடவே அவர்களிடம் ஏற்கெனவே இருந்த ஒரு கேக் தட்டு. நம் ரொட்டியை அவர்கள் பிரித்துப் பார்த்ததற்கே அடையாளம் இல்லை.

அடுத்து, ரொட்டி கிடைத்த ஒன்பதே நாளில் தட்டு செய்து அனுப்பிய நிங்போ. அடடா, என்ன வேகம்! கண்ணாடிபோல் ஒரு தட்டு. முத்திரைப் பூ அச்சு அசலாய். எள் விழுந்த புள்ளிகூட விடவில்லை. ஓரத்தில் மட்டும் பிறைவடிவில் ஒரு மேடு. ஃபெருசா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் சிரிங்க."

சிரித்தேன்.

"ஐயோ அத்தை, இது மாமாவோட பல்லு! நடுவுல சந்துகூட அப்படியே இருக்கு!"

பதினோரு பெண்களும் மாவுக் கையோடு வந்து ஒவ்வொருவராய் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நான் வெட்கப்படவில்லை. என் பல்லை இவ்வளவு மதித்த தொழிற்சாலை உலகில் வேறு உண்டா?

மூன்றாவதாக ஷியாமென். தட்டு வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லின் என்ற பெண் பொறியாளர். கடிதம் முழுக்கக் கேள்விகள். இருபத்து மூன்று கேள்விகள்! ஃபெருசா மொழிபெயர்த்து வாசிக்கிறாள்:

"ரொட்டி எங்களிடம் வர பதினோரு நாள் ஆகியிருக்கிறது. காய்ந்து எவ்வளவு சுருங்கியிருக்கும்? அடுப்பிலிருந்து எடுத்து எத்தனை நிமிடத்தில் தட்டில் வைப்பீர்கள்? அப்போது எவ்வளவு சூடு இருக்கும்? ஆவி வெளியேற வழி வேண்டாமா? எத்தனை தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவீர்கள்? முகம் மேலே பார்த்தா, கீழே பார்த்தா? ஓரத்தில் பிறை போன்ற ஒரு வெட்டு எல்லா ரொட்டியிலும் இருக்குமா, இந்த ஒன்றில் மட்டுமா?"

நோர்முரோத் குதித்தான். அவன்தான் எங்கள் லாரிக்காரன்.

"அண்ணே, தட்டு கேட்டா பரீட்சை வெக்கிறாங்க! முகம் கீழயாம்! ரொட்டியக் கவுத்து வெச்சா பாவம், அப்படி வெக்கிறவன் நம்ம ஊர்ல உண்டா?"

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனாலதானே கேக்கறாங்க" என்றாள் ஃபெருசா.

"நவ்ரூஸுக்கு இன்னும் மூணே வாரம். நிங்போக்காரன் பத்து நாள்ல தரேங்கறான். விலையும் பாதி. அண்ணன் பல்ல மட்டும் எடுக்கச் சொன்னாப் போதும்."

"ஏன் எடுக்கணும்?" என்றேன் நான். சபையோரே, மறைக்க மாட்டேன், நான் நிங்போவுக்கே கை தூக்கினேன். பதினோரு பெண்களில் எட்டு பேர் தூக்கினார்கள். வசந்தத் திருநாள் லாரி தவறினால் கடை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல யாரால் முடியும்? பசித்த வீட்டுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

மஸ்துரா அக்கா எழுந்தார். தந்தூருக்குப் போனார். குனிந்தார். நெருப்பு முகத்தில் அடிக்க ஒரு ரொட்டியைப் பெயர்த்து எடுத்தார். அந்தச் சூட்டோடு, நம் கொட்டகையில் தினமும் லாரிக்கு வைக்கிற அதே சூட்டோடு, நிங்போத் தட்டில் வைத்தார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தட்டு மெல்ல நெளிந்தது. ஓரம் சுருண்டது. வெயிலில் போட்ட வெற்றிலைபோல் கூம்பிப் போனது. என் பற்களும் கோணிக்கொண்டன.

நோர்முரோத் தணிந்த குரலில் கேட்டான்: "அவன்கிட்டயே வேற பிளாஸ்டிக்ல கேட்டா?"

ஃபெருசா அங்கேயே நின்று தொலைபேசியில் நிங்போவுக்கு எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது: நீங்கள் அனுப்பியதை அனுப்பியபடியே செய்திருக்கிறோம், வேறு எப்படி வேண்டும் என்று சொன்னால் அப்படியே செய்கிறோம்.

"அவங்க மேல தப்பில்ல, தம்பி" என்றார் அக்கா. "சொன்னதச் செஞ்சாங்க. ஆனா எனக்கு என்ன சொல்லணும்னே தெரியாதே! சூடு தாங்குமான்னு கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்சுதா? தெரியாதவகிட்ட வந்து கேட்டது ஒருத்திதான். அச்ச அவகிட்ட குடுங்க."

"அப்ப நவ்ரூஸ்?"

"நவ்ரூஸ் போகட்டும்."

பெரியோர்களே, இந்த இரண்டு சொல்லுக்கு எவ்வளவு எடை தெரியுமா? அக்கா தொலைபேசியை எடுத்தார். பதினோரு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஜனாரிடம் சொன்னார்: "தங்கச்சி, திருநாளுக்கு அனுப்ப மாட்டேன். அனுப்பினா நசுங்கும்னு எனக்கே தெரியும். தெரிஞ்சே உன்ன ஏமாத்த மாட்டேன். மே மாசம் வரைக்கும் பொறு."

அந்தப் பக்கம் ஜனார் நாட்காட்டியைப் புரட்டுவது கேட்டது.

"ஒரே ஒரு லாரி, அக்கா. மே மாசம் முதல் வாரம். அது நசுங்கினா இனிமே நாம பேசிக்க வேண்டியதே இல்ல."

திருநாள் வந்தது. ஊரெல்லாம் கோதுமை முளைப் பாயசம் கிண்டினார்கள். அந்தக் கொட்டகையில் பாதி அடுப்பு குளிர்ந்து கிடந்தது. இரண்டு பெண்கள் சாலையோரம் கூடை வைத்து விற்கப் போனார்கள். அக்கா ஃபெருசாவோடு உட்கார்ந்து இருபத்து மூன்று கேள்விக்கும் பதில் எழுதினார். புதிய ரொட்டியின் உயரம், அகலம், சூடு, எடை, எல்லாம் அளந்து எழுதினார். பிறை வெட்டு என்ன என்பதற்கு மட்டும் பதில் எழுத நாணி என்னிடம் தள்ளிவிட்டார். நான் நம் முறையை விளக்கி நான்கு பக்கம் எழுதினேன். ஃபெருசா அதை ஒரு வரியாக மொழிபெயர்த்தாள்.

ஷியாமெனிலிருந்து முதல் மாதிரி வந்தது. சூடு தாங்கியது. அடியில் ஆவி ஓடக் கால்வாய்கள். ஆனால் பெட்டிக்குள் ஒரு சீட்டு: "தட்டின் நான்கு மூலையும் வெங்காயத் தோல்போல் மெலிந்துவிட்டன. அடுக்கினால் கிழியும். என் கணக்குப் பிழை. அச்சில் மூலைகளை வளைவாக்கி மறுபடி அனுப்புகிறேன். இதை உபயோகிக்க வேண்டாம்."

நாங்கள் கண்டுபிடிக்கும் முன்பே தன் குறையைத் தானே சொன்னவள்! என் மனைவியைத் தவிர வேறு யாரையும் நான் இவ்வளவு மதித்ததில்லை. மனைவி தன் குறையைச் சொன்னதில்லை, அது வேறு விஷயம். சலோமத், பெண்கள் பக்கமிருந்து முறைக்காதே!

இரண்டாம் மாதிரி சூட்டையும் தாங்கியது, அடுக்கையும் தாங்கியது. மே மாதம் முதல் வாரம் லாரி போனது. நோர்முரோத் ஓட்டினான். பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளாத குறை. எல்லையில் அவனுக்குமுன் ஐம்பது லாரி, இல்லை, ஐந்நூறு லாரி! அல்மாத்தியில் கடைக்குப் பின்னால் கதவைத் திறந்து, தொலைபேசியில் எங்களுக்குப் படம் காட்டினான். கொட்டகையில் பதினோரு தலை, ஒரு சின்னத் திரை. ஜனார் மேல்தட்டைத் தூக்கினார். பூ நின்றது. நடுவிலிருந்து ஒன்றை உருவினார். பூ நின்றது. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, ஒட்டுமொத்த பாரத்தையும் சுமந்த கடைசித் தட்டைத் தரையில் மண்டியிட்டு இழுத்தார். மூச்சு விடவில்லை நாங்கள்.

முள்முத்திரைப் பூ, சுட்ட காலையில் எப்படி மலர்ந்ததோ, அப்படியே நின்றது!

இப்போது தட்டுங்கள்!

ஜனார் திரையைப் பார்த்து, "அக்கா, வாரத்துக்கு ரெண்டு லாரி தர முடியுமா?" என்றார்.

"முடியாது" என்றார் மஸ்துரா அக்கா.

எனக்கு மறுபடி இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜனார் முகம் மாறியது. "ஏன் அக்கா?"

"பதினோரு பேர் பத்தாது, தங்கச்சி. இன்னும் ஆறு பேர வேலைக்கு எடுக்கணும். ஒரு வாரம் குடு."

சொல்லி முடித்ததும் முக்காட்டின் முனையை முகத்தில் வைத்துக்கொண்டார். சாலையோரம் கூடை வைக்கப் போன இரண்டு பெண்கள் அவரை இருபுறமும் பிடித்துக்கொண்டார்கள்.

தொழில் செய்யும் தோழர்களே! நாளை நீங்களும் தேடுவீர்கள். நாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பீர்களா? நிங்போவும் ஷியாமெனும் ஒரே நாடுதான். விலையைப் பார்த்தா? வேகத்தைப் பார்த்தா? பளபளக்கும் புத்தகத்தைப் பார்த்தா? வேண்டாம்! உங்கள் பொருளைப் பற்றி உங்களையே கேள்வி கேட்கிறவரைத் தேடுங்கள். உங்கள் தவறை உங்கள் கையில் திருப்பிக் கொடுக்கிறவரைத் தேடுங்கள். தன் தவறைத் தானே எடுத்து நீட்டுகிறவர் கிடைத்தால், விடாதீர்கள்! அவர் வாரக்கணக்கில் காக்க வைத்தாலும், காத்திருங்கள்! காத்திருக்கும் நாட்களில் அடுப்பு குளிரும், அண்டை வீட்டார் சிரிப்பார்கள், நோர்முரோத் குதிப்பான். தாங்குங்கள். பதினோரு பெண்கள் தாங்கினார்கள். இன்று பதினேழு பேராய் நிற்கிறார்கள்!

நேரம் தந்த தலைவருக்கும், நீண்டு போனாலும் நிழலில் உட்கார்ந்து கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வீட்டு அடுப்புகள் அணையாதிருக்கட்டும். உங்கள் லாரிகள் வழியில் நிற்காதிருக்கட்டும். பெரியோர்களுக்கு வணக்கம், தாய்மார்களுக்கு ஸலாம். இறங்குகிறேன், இடுப்பு இருக்கிறது, யாராவது கைகொடுங்கள்.