வாயில் நுழைகிற பெயர்

அமெரிக்காவில், ஆலன் என்ற ஊரில் ஓர் இந்திய மளிகைக் கடை. சனிக்கிழமை என்பதால் பில் போடும் வரிசை முருங்கைக்காய்க் கூடைவரை வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு நிறைமாதப் பெண் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் கணவன், போனும் கையுமாக. திடீரென்று கிரீன் கார்டே வந்துவிட்டது போல் கத்தினான்.

"பேர் கிடைச்சிடுச்சு! என், ஒய், ஈ. நை!"

"என்னது?"

"நை. பழைய இங்கிலீஷ் பேர். தீவுல குடியிருக்கறவன்னு அர்த்தமாம்."

"நம்ம வீட்டுல ஏதுங்க தீவு? கிச்சன் நடுவுல ஐலண்ட்னு ஒரு மேடை இருக்கு, அதுல நான் வெங்காயம் நறுக்கறேன்."

"கிண்டல் பண்ணாதே. ரொம்ப ரேர். பாப்புலாரிட்டி லிஸ்ட்லயே இல்ல."

"எப்படி இருக்கும்? பார்க்ல பையனைக் கூப்பிடற மாதிரி, கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பாருங்க."

அவன் இழுத்துச் சொன்னான்.

"நாஆய்!"

அவர்களுக்கு முன்னால் பில் போட நின்றிருந்த அங்கிள் விருட்டென்று திரும்பி முறைத்தார்.

அவன் குரலைத் தாழ்த்தினானே தவிர, பெயரை விடவில்லை. "இங்க யாருக்குத் தமிழ் தெரியப் போகுது? ஸ்கூல்ல டீச்சருக்கு ஈஸி. ஊர்ல எங்கப்பா வாயிலகூடச் சுலபமா நுழையும்."

அவள் ரவைப் பாக்கெட்டை எடுத்து கவுண்டர் பெல்ட்டில் வைத்தாள்.

"நுழையாம என்ன? முப்பது வருஷமா உங்களை அப்படித்தானே கூப்பிடறார்."