ஆறு மணிக் கதவு

…ஜன்னலைச் சாத்துங்க. தூசி. சரி, சாத்தாட்டியும் போங்க. கிருஷ்ணகிரில அரைமணி நேரம் நிறுத்திட்டான், இனி ஊத்தங்கரை எப்போ போய்ச் சேர்றது. எதுக்குப் போறேன்னு கேட்டீங்களே. பொண்டாட்டியைக் கூட்டியாரப் போறேன். அவ தம்பி தீர்த்தகிரி வீட்ல போய் உக்காந்துக்கிட்டா. பதினோரு நாளாச்சி. சண்டையெல்லாம் இல்ல. ஒரு பெட்டி. அவ்ளோதான்.

ஓசூர்ல, கம்பெனில இருபத்திரெண்டு வருசம் எலக்ட்ரீஷியன் நான். எவனோ ஆபீஸ்ல உக்காந்து சுவிட்சைப் போடுவான், நான் ஓடணும். நிறுத்துவான், நான் நிக்கணும். ரிடையர் ஆன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். என் வீடு என் கையில. வெளியாள் எவனும் வேணாம். காயலான் கடைல பழைய டைமர், தானா சுவிட்சு போடற ரிலே எல்லாம் பொறுக்கியாந்து, கூடத்துச் செவுத்துல ஒரு இரும்புப் பெட்டி வெச்சேன். தொட்டி ரொம்புனா மோட்டார் தானா நிக்கும். இருட்டுனா வாசல் லைட்டு தானா எரியும். சாயங்காலம் ஆறு ஆனா கதவு தானா பூட்டிக்கும். தெறக்கணும்னா பெட்டிக்குள்ள ஒரே ஒரு சுவிட்சு. பெட்டி சாவி என் இடுப்புல.

இதுல என்ன குத்தம் சொல்லுங்க? வீட்டுக்காரி மாதம்மா சொல்றா, "ஒரு லைட்டு போட உங்களுக்கு மனு எழுதித் தரணுமா"ங்கறா. சானமாவு காட்டுல ஆனை நடமாட்டம், பூட்டியிருந்தா நல்லதுதானேன்னேன். "ஆனை வந்து கைப்பிடியைத் திருகுமா"ங்கறா. வாய்.

அன்னிக்கும் வாய்தான். பக்கத்து வீட்டு நஞ்சம்மா கன்னடத்துல பேசும், இவ தமிழ்ல பேசுவா, ரெண்டுக்கும் முடிவே கெடையாது. ஆறு அஞ்சுக்கு வர்றா. கதவு பூட்டிக்கிச்சி. மழை வேற. முப்பத்தஞ்சு நிமிசம் வாசல்லயே நின்னா. ரிலே மாட்டிக்கிச்சின்னு சொன்னேன். தலையைத் துவட்டுனா. மறுநா மொத பஸ்சு. "அந்தப் பெட்டி இருக்கற வீட்ல நான் இருக்க மாட்டேன்"னு நஞ்சம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா. என்கிட்ட இல்ல.

கழட்டிட்டேங்க. நேத்து. மொத்தத்தையும். பழைய தாழ்ப்பாளே போட்டாச்சி. அதைச் சொன்னா வந்துருவா.

உச்சுக் கொட்டாதீங்க. பெட்டி பாவம், அது ஒரு தப்பும் பண்ணல. சொன்ன நேரத்துக்குப் பூட்டுச்சி. ரிலே எங்க மாட்டுச்சி? மாட்டவே இல்ல.

நான் உள்ளதான் நின்னேன். பெட்டிக்கு முன்னாடி. சாவி கையில. ஒரு நா நனைஞ்சா மறுநா ஆறுக்குள்ள வருவான்னு… ரிப்பேர் பண்ற மாதிரி ஸ்குரூடிரைவரால பெட்டியைத் தட்டிக்கிட்டே நின்னேன். முப்பத்தஞ்சு நிமிசம். கேட்டுச்சி அவளுக்கு. வெளிய மழைல நின்னுக்கிட்டு சொல்றா, "கரண்டு அடிச்சிரப் போவுது, மெதுவாவே பாருங்க. நான் நிக்கறேன்"ங்கறா.

…என்ன எழுந்துட்டீங்க? ஊர் வந்துருச்சா? என்னது… தீர்த்தகிரிக்கு எதிர் வீடா நீங்க? இவ்ளோ நேரம் அதைப் பத்தி வாயே தெறக்கலியே!

இருங்க. அவகிட்ட இதெல்லாம் சொல்லிராதீங்க.

ஏங்க. நில்லுங்க… சொல்லிருங்க. நீங்களே போய்ச் சொல்லிருங்க. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வர்றேன். நான் வாயத் தெறந்தா ரிலேன்னுதான் வரும்.