கம்பைலரை மாற்றாமல் விடைபெறும் எங்கள் அக்காவுக்கு

இயங்குதளப் பிரிவின் இணையற்ற தலைவியே! அவசரக்காரர்களுக்கு அணையே! அரைத்தூக்கக்காரர்களுக்கு அலாரமே! "பொறுங்கக்கா" என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை முகம் கோணாமல் ஏற்றுக்கொண்ட பெருந்தகையே! வணக்கம்.

நாம் எழுதும் இயங்குதளம் மருத்துவமனைக் கட்டில்களின் அருகே நிற்கும் கருவிகளுக்குள் ஓடுகிறது. நம் எழுத்தைக் கருவிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அதன் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், எப்போது மாறுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பை முப்பது ஆண்டுகள் தாங்கினீர்கள். வந்த அன்றே வேண்டும் என்று குதித்தவர்களைப் பொறுக்கச் சொன்னீர்கள், பழையதே போதும் என்று சாய்ந்து உட்கார்ந்தவர்களை, "அதைச் செஞ்சவங்களே கைவிட்டுட்டாங்க, நீங்க இன்னும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களே!" என்று எழுப்பிவிட்டீர்கள். உங்களிடம் திட்டு வாங்காதவர் இங்கே இல்லை. திட்டுக்குப் பிறகு தேநீர் கிடைக்காதவரும் இல்லை.

இப்போது நாம் மாறவிருக்கும் பதிப்புக்காக நீங்கள் பட்ட பாடுதான் எத்தனை! அது காட்டிய எச்சரிக்கைகளை நாங்கள் கண்டும் காணாமல் தள்ளிவிடப் பார்த்தோம். "புதுசு மேல தப்பில்லப்பா. நம்ம தப்பைத்தான் பழசு இத்தனை வருஷமா கண்டுக்காம விட்டிருக்கு" என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத் திருத்த வைத்தீர்கள். ஈராண்டு உழைப்பு. சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிட்டது. இனித் தட்ட வேண்டியது ஒரே ஒரு விசைதான்.

அதை இந்தப் பணிநிறைவு விழா மேடையில் உங்கள் விரலே தட்டட்டும் என்று ஆசைப்பட்டு, விசைப்பலகைக்கு ரிப்பன் கட்டி நேற்று உங்களிடம் காட்டினோம். முகம் மலர்ந்தது. கையும் நீண்டது. பிறகு மெல்லப் பின்வாங்கியது.

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு மறுநாள் போன் அடிச்சா எடுக்க நான் இருக்க மாட்டேனே" என்றீர்கள்.

எங்களுக்குப் புரிந்தது. நீங்கள் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு முந்தைய மாலை ஒருவர் கம்பைலரை மாற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். புதிய கட்டளைகள் ஏறிய கருவிகள் மறுநாள் தாமாகவே அணைவதும் எழுவதுமாக இருந்தன. செவிலியர்கள் கூப்பிட்ட போன் பூட்டிய அறைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாற்றுகிறவர் அடுத்த வாரம் முழுக்கப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று, பொறுப்பு உங்கள் கைக்கு வந்ததும் விதி வைத்தீர்கள். உங்கள் மகள் திருமணத்துக்காக விடுப்பில் போக வேண்டியிருந்தபோது, அந்த விதிக்காகவே மேலிடத்தோடு மல்லுக்கு நின்று மாற்றத்தைத் தள்ளிவைத்தீர்கள். இப்போது உங்களுக்காக அதை வளைக்க நாங்கள் தயாராக இருந்தும், நீங்கள் விடவில்லை. எங்களுக்கு வருத்தம்தான். உங்களுக்கும் வருத்தம் என்று தெரியும்.

ஆகவே, அன்பு அக்கா, ரிப்பனை அவிழ்த்து இந்த மடலின் சட்டத்தில் கட்டியிருக்கிறோம். விசைப்பலகை அதன் மேசைக்கே திரும்பிவிட்டது. நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள். அத்தானின் சமையலில் எச்சரிக்கைகள் தேடாமல் சாப்பிடுங்கள். மதியத்தில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

திங்கட்கிழமை காலை நாங்கள் மாற்றப் போகிறோம். செவ்வாய்க்கிழமை போன் அடித்தால், எடுக்க நாங்கள் இருப்போம்.

உங்கள் திட்டில் தேறிய
இயங்குதளப் பிரிவினர்