யேசுவடியாள் விரல் வச்ச வரி

முன்னே ஒரு காலத்துல, மூணு வருஷம் மேகம் எட்டியே பாக்காத காலத்துல, செந்தேரிவிளைன்னு ஒரு ஊர்ல யேசுவடியாள்னு ஒருத்தி இருந்தாளாம். அவ மகனுக்காக ஜெபம் பண்ணின கதை இது. மகன் வரல. இதை முதல்லயே சொல்லிடுறேன். கடைசியில வந்துருவான்னு நெனச்சுக்கிட்டுக் கேட்டுட்டு, அப்புறம் என்னை ஏசக் கூடாது.

அவ புருஷன் பனையிலருந்து விழுந்து செத்துட்டானாம். மிச்சம் ஒரே மகன், சுவிசேஷமுத்து. பதினெட்டு வயசு. பனையில பதநீ இல்ல, கிணத்துல தண்ணி இல்ல. பனங்கிழங்கு தின்னாங்களாம். அது தீர்ந்ததும் புளியங்கொட்டையை வறுத்துத் தின்னாங்களாம். அதுவும் தீர்ந்த நேரத்துலதான் கடல் தாண்டி இலங்கையில இருக்கிற கண்டித் தோட்டத்துக்கு ஆள் புடிக்கிற கங்காணி ஊருக்குள்ள வந்தானாம்.

“எம்மா, நான் போறேன். அடுத்த பங்குனிக்கு வந்துருவேன்.”

“வேண்டாம்லே. கஞ்சி இல்லாட்டாலும் இங்கனயே கெடப்போம்.”

“கெடந்து ரெண்டு பேரும் சாவவா?”

அவன் போயிட்டான்.

பங்குனி வந்தது. அவன் வரல. அடுத்த பங்குனியும் வந்தது. அவன் வரல. ஒரு கடுதாசி கூட வரல.

ஊர்ல மோசே உபதேசியார்னு ஒருத்தர். ஜனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறவர். யேசுவடியாள் அவர்கிட்ட போய் நின்னாளாம்.

“உபதேசியாரே, எம்மவன் வருவானா?”

“எனக்குத் தெரியாது தாயி. ஆனா கர்த்தரு என்ன சொல்லிருக்காருன்னு காட்டுதேன்.”

வேதபுஸ்தகத்தைத் திறந்து ஒரு இடத்தைக் காட்டினாராம். பிள்ளைகளைப் பறிகொடுத்து அழுத தாய்மாருக்குக் கர்த்தர் குடுத்த வாக்கு. பிள்ளைங்க தங்களோட எல்லைக்குத் திரும்பி வருவாங்கன்னு இருந்துதாம். அந்தப் பக்கத்துல ஒரு ஓலை நறுக்கை வச்சாராம்.

“வலப்பக்கம், மேலருந்து ஏழாவது வரி. விரலை வச்சுக் கேளு தாயி. அவரு சொன்னதை அவருக்கே ஞாபகப்படுத்து. கோவிச்சுக்க மாட்டாரு.”

அந்த மாசமே ஊர்ல பேதி வந்து உபதேசியார் போயிட்டார். சாகறதுக்கு முன்னாடி தன்னோட வேதபுஸ்தகத்தை அவளுக்குக் குடுக்கச் சொன்னாராம்.

யேசுவடியாளுக்கு எழுத்து தெரியாது. எண்ணத் தெரியும். வேதக்கோயில் மணி காலையில அடிக்கும், சாயங்காலம் அடிக்கும். ரெண்டு வேளையும் அந்தப் புஸ்தகத்தோட கோயிலுக்குப் போவாளாம். ஓலை இருக்கிற இடத்தைத் திறப்பாளாம். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏழு வரி எண்ணுவாளாம். விரலை வைப்பாளாம்.

“நீரே சொன்னீரே.”

அவ்வளவுதான் ஜெபம். புஸ்தகத்தை மூடிட்டுப் போயிருவாளாம்.

எங்க பக்கம் பாதிரியாரை ஐயருன்னுதான் சொல்றது. மாசத்துக்கு ஒருக்க வர்ற ஐயரு, “குடும்மா, நான் வாசிக்கேன்”னு கேட்டா, “உபதேசியார் வாசிச்சாச்சு”ன்னு புஸ்தகத்தை முந்தானையில மறைச்சுக்குவாளாம்.

அவ தம்பி பொண்டாட்டி இசக்கியம்மாள். அவ வேதத்துக்கு வராதவ, சுடலைமாடனைக் கும்பிடுறவ. வாய் சும்மா இருக்காது.

“என்ன மயினி, உங்க சாமிக்குக் கடலைத் தாண்டிக் காது கேக்காதோ?”

“கேக்கும்.”

“கேட்டும் சும்மா இருக்காரா? அப்போ எங்க சுடலையே தேவல. ஒரு கெடா வெட்டினா முகத்தையாவது திருப்புவாரு.”

ஆனா மழைக்கு ஒழுகுற யேசுவடியாள் கூரைக்கு ஓலை போட்டுக் குடுத்தது இசக்கிதான். அதையும் சொல்லணும்.

அஞ்சாவது வருஷமோ என்னவோ, பெருமழை. கூரை ஒழுகிப் புஸ்தகம் நனைஞ்சுபோச்சாம். ரெண்டு பேருமா பாயில விரிச்சு வெயில்ல காயவச்சாங்களாம். காத்துல ஓலை நறுக்கு பறந்து விழுந்துது. யேசுவடியாள் வைக்கோல் அள்ளப் போயிருந்தா. இசக்கி ஓடிப்போய் எடுத்து, “இங்கதான இருந்துது”ன்னு புஸ்தகத்துக்குள்ள சொருகி வச்சாளாம்.

அதுக்கப்புறமும் மணி அடிச்சுது. திறந்தா. ஏழு வரி எண்ணினா. விரலை வச்சா. நீரே சொன்னீரே. ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம் இல்ல, இன்னும் ஒன்பது வருஷம். பதில் இல்ல.

பதினாலாவது வருஷம் ஆசீர்வாதம்னு ஒருத்தன் கண்டியிலருந்து திரும்பி வந்தானாம். முதுகு கூனி, பல்லெல்லாம் போய் வந்தான். சுவிசேஷமுத்து கூடப் போனவன். யேசுவடியாள் வீட்டு வாசல்ல வந்து உக்காந்தவன் தலையே நிமித்தல.

“எங்கலே அவன்?”

“பெரியம்மை... மன்னார்ல தோணியை விட்டு எறங்கிக் காட்டு வழியா நடந்தோம். நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். கங்காணி நிக்க விடல. நாங்க நடந்துட்டோம்.”

“அவன்?”

“ஒரு மரத்தடியில விட்டுட்டு நடந்துட்டோம் பெரியம்மை.”

தோட்டத்துக்கே போய்ச் சேரல. ஊரை விட்டுப் போன அந்த மாசமே அவன் கதை முடிஞ்சிருக்கு. பதினாலு வருஷமும் செத்தவன் திரும்பி வரணும்னுதான் அவ கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

ஞாயித்துக்கிழமை ஐயரு வந்தார். விஷயம் கேள்விப்பட்டு, அந்த வாக்கையே வாசிச்சு ஆறுதல் சொல்லலாம்னு புஸ்தகத்தைக் கேட்டாராம். அன்னைக்குத்தான் யேசுவடியாள் முதல்முதலா அடுத்தவங்க கையில அதைக் குடுத்தா. ஏழு வரி எண்ணி விரலை வச்சுக் காட்டினா. ஐயரு குனிஞ்சு பாத்தார். அவர் முகம் மாறிப்போச்சாம். பக்கத்தைத் திருப்பப் போனாராம்.

“திருப்பாதேயும். வெரல் இருக்கிற இடத்தை வாசியும்.”

“இது வேற இடம்மா. ஓலை மாறியிருக்கு.”

“வாசியும்.”

வாசிச்சார். நான் கதறிக் கூப்பிட்டும் என் ஜெபம் போற வழியை அவர் அடைச்சுட்டார்னு ஒருத்தன் புலம்புற இடம் அது.

வெளியே சன்னல் பக்கம் நின்ன இசக்கி தலையில அடிச்சுக்கிட்டு அழுதாளாம். “நாந்தான் மயினி சொருகுனேன்! இந்தப் பாவி கைதான் மயினி!”

“அழாத. எங்க சொருகணும்னு உனக்குந்தான் தெரியாது, எனக்குந்தான் தெரியாது.”

ஐயரு பழைய பக்கத்தைத் தேடி எடுத்தாராம். எல்லைன்னா பரலோகம்னும் அர்த்தம் உண்டும்மான்னாராம். அவ வேற ஒண்ணு கேட்டாளாம்.

“அந்தப் புலம்பலும் கர்த்தர் புஸ்தகத்துலதான் இருக்கா?”

“ஆமா.”

“அவரைக் கொறை சொல்லித்தான இருக்கு?”

“ஆமா.”

“அதை ஏன் அவரு கிழிச்சுப் போடல?”

ஐயரு ஓலையைப் பழைய இடத்துல வைக்கக் கை நீட்டினாராம். அவ புஸ்தகத்தை இழுத்துக்கிட்டா.

“அது மகன் இருக்கிறவளுக்கு உள்ள பக்கம். என் எடம் இதுதான்.”

சாயங்கால மணி அடிச்சுது. இனி அவ வரமாட்டான்னு ஊரே கதவைப் பாத்துக்கிட்டு இருந்துதாம். வந்தா. திறந்தா. எண்ணினா. விரலை வச்சா. வார்த்தை மட்டும் மாறிப்போச்சு.

“நீரே எழுதி வச்சீரே.”

இன்னும் ஆறு வருஷம் இருந்தாளாம். ஒரு சொப்பனம் இல்ல, ஒரு தரிசனம் இல்ல. ஒரு நாள் காலை மணிக்கு வரல. இசக்கிதான் முதல்ல போய்ப் பாத்தா. இசக்கி கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கல. அவ பிள்ளைங்க எடுத்தாங்க. அந்த வழியில வந்தவங்கதான் நாங்க.

அந்தப் புஸ்தகம் இன்னும் எங்க கோயில்ல கண்ணாடிப் பெட்டியில இருக்கு. வருஷப்பிறப்புக் காலை ஆராதனைக்கு மட்டும் எடுப்பாங்க. மத்த ஊர்ல எல்லாரும் வந்த உடனே, அந்த வருஷத்துக்குன்னு ஒரு நல்ல வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்பாங்க. எங்க ஊர்ல அதுக்கு முன்னாடி, கேட்டும் கிடைக்காதவங்க எந்திரிச்சுப் போய் அந்த வரியில விரல் வைக்கணும். என்ன குறைன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. யாராவது ரொம்ப நொந்துபோயிருந்தா, “அவ இந்த வருஷம் விரல் வைக்கிறா”ன்னுதான் ஊர்ல சொல்லுவோம்.

ஏழாவது வரி இப்போ இல்ல. தேஞ்சு ஓட்டையாயிருச்சு. அந்த ஓட்டை வழியாப் பாத்தா அடுத்த தாள்ல ஒரு நல்ல வசனம் தெரியும்னு சில பேர் சொல்லுவாங்க. நான் பாத்தேன். ஒண்ணும் தெரியல. அடுத்த தாளும் கறுத்துப்போயிருக்கு.

ஆனா வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். அது முடியுற வரைக்கும் ஐயரு வாக்குத்தத்த அட்டை இருக்கிற தட்டை மூடியேதான் வச்சிருப்பாரு.