கதவு நிலையில் ஒன்பது கோடு

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க பேருக்கு வந்த லெட்டர் எங்கயும் ஓடிடாது, பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன், தரேன். அதுக்குன்னு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, வாசலோட கையில குடுத்து அனுப்பினா நல்லாவா இருக்கும்? டீ போடறேன். ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க.

சுத்திச் சுத்திப் பாக்கறீங்க. பாருங்க, தாராளமா பாருங்க. எனக்கு முன்னாடி நீங்க இருந்த வீடு. நாங்க எதையும் மாத்தல. ஒரு ஆணி புதுசா அடிக்கல. அதுக்கு அவசியமே வரலைங்க, எங்க என்ன வேணுமோ அங்க அது முன்னாடியே இருந்துச்சு.

வீடு பாக்க வந்த அன்னைக்கு இதெல்லாம் எங்க கண்ணுல படவே இல்ல. அந்த புரோக்கரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி நிப்பார். அஞ்சு நிமிஷம் குடுத்தார். தண்ணி வருதா, கூரை ஒழுகுதா, அவ்வளவுதான் பாத்தோம். பொண்ணு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிட்டா, ரெண்டு பேருக்கு எதுக்குப் பெரிய வீடுன்னு இதை எடுத்தோம். குடி வந்தப்புறம்தான் ஒண்ணொண்ணா தெரிய ஆரம்பிச்சுது. கடைக்காரர் சொல்லாம கொள்ளாம பையில ரெண்டு பழம் கூடப் போட்டிருந்தா, வீட்டுக்கு வந்து பாக்கறப்போ ஒரு சந்தோஷம் வரும் பாருங்க. அப்படி.

முதல்ல கண்டுபிடிச்சது வாசப்படி. படியே இல்லன்னு கண்டுபிடிச்சோம். தெருவுலேருந்து உள் ரூம் வரைக்கும் ஒரு தடுப்பு இல்ல, சரிவா சிமெண்ட் பூசி வெச்சிருக்கீங்க. சாமான் இறக்கறப்போ எவ்வளவு சுகமா இருந்துச்சு தெரியுமா. ஆனா பீரோவை உள்ள கொண்டு வரப்போ இவர் புடிச்சிருந்த முனை நழுவி விழுந்துடுச்சு. இதோ, உங்க கால்கிட்ட தரை சில்லு பேந்திருக்கே, அதுதான். நல்லாத் திட்டினேன். இருபத்தாறு வருஷம் பஸ் ஸ்டியரிங்கைப் புடிச்ச கை, ஒரு பீரோ முனையைப் புடிக்கத் தெரியாதான்னு. கூலியாளுங்க சிரிச்சாங்க. இவரும் சிரிச்சார்.

அடுத்தது சுவிட்சு. எல்லாம் இடுப்பு உயரத்துல. நான் முதல் ஒரு வாரம் சுவத்துல மேல தடவித் தடவி இருட்டுல நின்னேன். அப்புறம் இவர்தான் சொன்னார், இது சின்னப்பிள்ளை இருந்த வீடுடி, ரோஷக்கார பிள்ளை போல, யாரையும் கேக்காம தானே விளக்கைப் போட்டுக்கணும்னு அடம் புடிச்சிருக்கும்னு. குளியலறைக் கம்பியும் அதே உயரம். ஸ்க்ரூ எல்லாம் கோணல், ஆனா யானை தொங்கினாலும் அசையாது. தச்சர் வேலை இல்ல, யாரோ பெத்தவன் செஞ்ச வேலைன்னு சொல்லுவார். அந்தக் கம்பில நான் ஒரு வருஷம் துண்டு காயப் போட்டேன் தம்பி. இப்ப நினைச்சா சங்கடமா இருக்கு.

கண்ணாடியா? கேப்பீங்கன்னு நினைச்சேன். அங்கயேதான் இருக்கு, உள் ரூம் ஜன்னல் மேல, நீங்க மாட்டின அதே சாய்மானத்துல. அதைக் கழட்டணும்னு நான் எத்தனை தடவ ஸ்டூல் போட்டு ஏறியிருக்கேன். முகம் தெரியாத கண்ணாடி எதுக்குங்க? எந்த முட்டாள் மாட்டினான்னு கூட… மன்னிக்கணும். ஒரு நாள் காய்ச்சல்னு இவர் படுத்திருந்தார். படுத்தவர் திடீர்னு, இருபத்தேழாம் நம்பர் ஏழு நிமிஷம் லேட்டுங்கறார். எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல படுத்துப் பாத்தா, அதுல தெரு தெரியுது. தெருமுனை பஸ் ஸ்டாப் முழுசாத் தெரியுது. யார் குடையை மறந்துட்டுப் போறாங்கன்னு கூட சொல்லிடலாம். அன்னைக்கு அவர் முகத்தைப் பாக்கணுமே. ரிட்டயர் ஆனவருக்கு டிப்போவையே கொண்டுவந்து கட்டில் மேல வெச்ச மாதிரி.

இப்பவும் அதைத்தான் பாத்துட்டிருக்கார். லேட்டுன்னு வாயால சொல்ல முடியல. கண்ணை மூடித் திறந்தா லேட்டுன்னு அர்த்தம்.

ஆமா, உள்ள படுத்திருக்கார். உடம்பு முடியல. சொல்றேன், முதல்ல இதைக் கேளுங்க, அந்த ரூம் கதவு நிலையில கோடு இருக்கே, பெயிண்டுக்கு அடியில கீறல் கீறலா. மத்த சுவரெல்லாம் அழுக்கு, அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் வெள்ளை அடிச்சிருந்தது. எனக்குக் கண்ணு கூர்மை, கையால தடவி எண்ணிட்டேன். ஒன்பது. முட்டி உயரத்துலேருந்து என் தலைக்கு மேல வரைக்கும். பிள்ளைய நிக்க வெச்சு அளந்து கோடு போட்டிருக்காங்க, எப்படி மளமளன்னு வளர்ந்திருக்கான் பாருன்னு சொன்னேன். இவர் கடைசிக் கோட்டை அண்ணாந்து பாத்துட்டு, இவனைப் பஸ்சுல ஏத்தினா கூரையில இடிப்பான், நல்லவேளை நான் ரிட்டயர் ஆயிட்டேன்னார். அப்புறம் அது எங்களுக்கு ஒரு விளையாட்டு ஆயிடுச்சு. அந்தப் பையன் இப்ப என்ன படிக்கறான், கல்யாணம் ஆச்சா, தலை இடிக்காத வீடு கிடைச்சுதான்னு பேசிக்குவோம். பொண்ணு ஃபோன் பண்ணா அவளும் கேப்பா, உங்க பையன் என்னம்மா பண்றான்னு.

இருங்க, மணி அடிக்குது. வரேன்.

…ஒண்ணுமில்ல, தலைகாணி நழுவிடுச்சு. உக்காருங்க தம்பி, ஏன் நிக்கறீங்க? பாத்தேன். மணி அடிச்சப்போ நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீங்க எந்திரிச்சுட்டீங்க. ரெண்டு எட்டு வெச்சுட்டீங்க உள் ரூமைப் பாத்து.

வாங்க, அடுப்படிக்குப் போயிடலாம். டீயும் கொதிச்சிருக்கும். கதவைச் சாத்திக்கோங்க. இன்னும் கொஞ்சம், அது அழுத்தினாதான் சாத்தும். ஆங்.

இதுதான் நான் கடைசியாக் கண்டுபிடிச்சது. இந்தக் கதவைச் சாத்திட்டா இங்க என்ன சத்தம் போட்டாலும் உள்ள கேக்காது. குக்கர் விசில் அடிச்சுதேன்னு கேட்டா, இல்லையேன்னு கண்ணைக் காட்டுவார். அவருக்குக் காது பாம்புக் காது, அது மட்டும் கொஞ்சமும் குறையல. ஆனா அவர் விரல்ல கட்டின கயித்தை இழுத்தா மணி இங்க அடிக்கும். அவர் கூப்பிடறது நமக்குக் கேக்கணும், நாம அழறது அவருக்குக் கேக்கக்கூடாது. கதவு ஓரத்துல ரப்பர் ஒட்டியிருக்கே, அது வெறும் காத்துக்கு ஒட்டினது இல்லன்னு எனக்கு இப்பத் தெரியும். நீங்களும் இங்கதான் நின்னிருப்பீங்க, இந்தக் குழாய்கிட்ட.

சர்க்கரை போதுமா?

கையும் காலும் சொன்ன பேச்சைக் கேக்காம போற வியாதியாம். பேரு என் வாய்ல நுழையல. மருந்து இருக்கான்னு கேட்டேன், இல்லன்னுட்டாங்க. பாதியாவது திரும்புமான்னு கேட்டேன், அதுவும் இல்ல. எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டார். யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, அந்தப் பீரோ. அன்னைக்கே கை விட்டிருக்கு, நான்தான் திட்டிட்டேன். அதனால பக்கத்து வீட்டம்மா இந்த வீட்டு ராசிதான் சரியில்லன்னு ஆரம்பிச்சப்போ, வாயை மூடுங்கன்னு சொல்லிட்டேன். வியாதி எங்க சாமானோட சாமானா வந்துச்சு. வீடு என்ன பண்ணும் பாவம், அது முன்னாடியே எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டுக் காத்திருந்துச்சு.

உங்களைப் பத்தி யாரும் சொல்லல. வாரம் ஒரு நாள் ஒரு நர்ஸ் வருது. முதல் நாள் வந்தப்போ, குளியலறை எங்கன்னு நான் காட்டறதுக்குள்ள நேரா அங்க போயிடுச்சு. போயிட்டு நாக்கைக் கடிச்சுக்கிச்சு. விடுவேனா? இந்த வீட்டுக்கு முன்னாடி வந்திருக்கியாம்மான்னு கேட்டேன். வந்திருக்கேன்னுச்சு. இதே வியாதிக்கான்னு கேட்டேன். தலையை மட்டும் ஆட்டிச்சு. யாருக்குன்னேன். முன்னாடி இருந்த சாரோட சம்சாரத்துக்குன்னுச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அது வேலை அப்படி, நான் குத்தம் சொல்லல.

அதுக்கப்புறம் ஒரு நாள் சக்கர நாற்காலி இடிச்சு அந்த நிலையில பெயிண்ட் பேந்துச்சு. கோட்டுக்குப் பக்கத்துல தேதி இருந்துச்சு. உக்காந்து நகத்தால சுரண்டி எல்லாத்தையும் பாத்தேன். முதல் தேதி மேல இருக்கு தம்பி. என் தலைக்கு மேல இருக்கற கோட்டுல.

நாங்க கீழேருந்து மேல படிச்சிருக்கோம்.

கையை எவ்வளவு தூரம் தூக்க முடியுதுன்னு அளக்கச் சொல்லி நர்ஸ் இவருக்கும் சொல்லுச்சு. அப்ப புரிஞ்சுது. நீங்க வலப் பக்கம் போட்டிருக்கீங்க, நான் இடப் பக்கம் பென்சிலால போடறேன். அவர்கிட்ட எதுவும் சொல்லல. அவரைப் பொறுத்தவரைக்கும் அது இன்னும் அந்த உசரமான பையன்தான். இப்பக்கூட நாற்காலில வெச்சு அந்தப் பக்கமா தள்ளிட்டுப் போனா, கண்ணை மேல தூக்கி ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சு வைக்கறேன். வேற என்ன பண்றது.

குடிங்க. ஆறிடப்போகுது.

பொண்ணுக்கு மூணு வருஷ ஒப்பந்தம். நடுவுல ஒரே ஒரு தடவதான் லீவு, பதினஞ்சு நாள். எழுதிக் குடுத்து, வேலை குடுத்தவங்க சரின்னு சொல்லி, இங்க வந்து சேர பத்து நாள் ஆயிடும். எப்பம்மா வரட்டும், எப்பம்மா வரட்டும்னு தினம் கேக்கறா. முன்னாடியே வந்துட்டுப் போயிட்டா அப்புறம் அவ ஃபோன்லதான் எல்லாத்தையும் கேட்டுக்கணும். தள்ளிப் போட்டா, வந்து வெறும் கட்டிலைப் பாத்துட்டுப் போவா. அப்பா செல்லம் அவ. அவர் வண்டி ஓட்டற காலத்துல பின்னாடி சீட்டுல உக்காந்து முழு ட்ரிப்பும் சுத்தினவ. டாக்டர்கிட்ட கேட்டா ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரிங்கறார். நர்ஸ்கிட்ட கேட்டா நான் சொல்லக்கூடாதும்மாங்குது. எனக்குக் கேக்க வேற ஆள் இல்ல. இந்த வீட்ல இருந்தவர் நீங்க ஒருத்தர்தான்.

இப்ப இவர் கை உங்க ஏழாவது கோட்டுக்கும் எட்டாவது கோட்டுக்கும் நடுவுல இருக்கு. எட்டாவதுக்குக் கிட்டன்னே சொல்லலாம். நேத்து அளந்தேன்.

லெட்டரா? லெட்டர்னு எதுவும் வரலைங்க. பொய்தான் சொன்னேன். புரோக்கர்கிட்ட உங்க நம்பரை வாங்கிட்டு மூணு நாள் யோசிச்சேன், என்ன சொன்னா வருவீங்கன்னு. உண்மையைச் சொல்லியிருந்தா இந்தப் படி ஏறியிருப்பீங்களா? படி இல்லன்னு வெச்சுக்கோங்க, ஆனாலும் வந்திருக்க மாட்டீங்க. நானா இருந்தா வரமாட்டேன்.

ஒன்பதாவது கோட்டுக்கு அப்புறம் தேதி இல்ல தம்பி. அதைத்தான் கேக்கணும். எட்டாவதுலேருந்து ஒன்பதுக்கு பன்னெண்டு நாள், அது எழுதியிருக்கு. அதுக்கு மேல உங்களுக்குத்தான் தெரியும். சொல்ல வரலைன்னா பரவாயில்ல, விரலைக் காட்டுங்க போதும். கதவு சாத்தியிருக்கு.

நாலு.

நாலு வாரமா?

…நாளா? சரி. சரிங்க. அழாதீங்க. அழணும்னா அழுங்க, இங்க கேக்காது. அந்த ஃபோனை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, உங்க பின்னாடி அலமாரில இருக்கு. அவளுக்கு அங்க இப்ப மத்தியானச் சாப்பாட்டு நேரம், எடுப்பா. இன்னைக்கே லீவுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லிடறேன்.