குமிழி நடுவுல நிக்குது

— காத்துப்பை கிடையாதுன்னு சொல்லிட்டேன்ல கோல்ட்டன். வேற எது வேணும்னாலும் கழட்டிக்கிட்டுப் போ.

— லோர்ன் அண்ணே, என்னண்ணே இது! விளம்பரம் நீங்க போட்டதுதானே? ‘பிக்கப்புல மாட்டுன அத்தனையும் விக்குறேன், முகாம் ட்ரெய்லரும் சேர்த்து’ன்னு. அத்தனைன்னா பையும் சேர்த்திதானே? ஸ்பிரிங்குல சொருக என்கிட்ட இருந்த ஜோடியை வியாழக்கிழமைதான் என் தம்பி வெஸ்லி வண்டிக்கு மாட்டிக் கொடுத்தேன். என் வண்டியில இப்ப பின்னாடி வெறும் ஸ்பிரிங்குதான்.

— வெறும் ஸ்பிரிங்காவே இருக்கட்டும்.

— எப்படிண்ணே இருக்கும்? இந்த ட்ரெய்லரைக் கொக்கியில மாட்டுன அடுத்த நிமிஷம் என் வண்டி நாய் உக்கார்ற மாதிரி பின்பக்கம் உக்காந்துரும். ஹெட்லைட் ரெண்டும் வானத்துல வாத்து பறக்குறதைப் பாத்துக்கிட்டு இருக்கும். அந்தக் கோலத்துல நான் ஊருக்குள்ள போனா போன்ல நம்ம பிக்கப் குரூப்புல என்னை வச்சுச் செஞ்சிருவானுங்க.

— போட்டோ எடுத்துப் போட்டுச் சிரிப்பானுங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

— நீங்களாண்ணே இதைப் பேசுறது? நீங்க சொல்லிச் சொல்லித்தான் இந்த வண்டியே இப்படி ஆச்சு. பாருங்க, முன்னாடி இரும்பு பம்பர், நீங்க போட்டீங்க, நானும் போட்டேன். சேத்துல மாட்டுனா இழுக்குற வின்ச்சு, அதுவும் நீங்க. பின்னாடி மூடி, உள்ள இழுப்பறை, ரெண்டரை இஞ்ச் தூக்கி வச்சு முப்பத்தஞ்சு இஞ்ச் டயரு... என் பொண்டாட்டி ப்ரியான் என்ன சொல்றா தெரியுமா? நோலா பாப்பா மொதல்ல பேசுன வார்த்தை அம்மாவும் இல்ல அப்பாவும் இல்லையாம், ‘வின்ச்சு’தானாம். மூணு வயசு முடியப் போகுது, இன்னும் சொல்லிக் காட்டுறா.

— பாப்பா எங்க?

— அவங்க முன்னாடியே கிளம்பிட்டாங்கண்ணே. ஃபெர்னி பக்கம் ஏரிக்கரையில இடம் பிடிச்சிருக்கோம், மே மாச நீள லீவு, விட்டா கிடைக்காது. ப்ரியானும் பாப்பாவும் வெஸ்லி கூடப் போறாங்க. அவன் எங்கம்மாவோட பழைய ட்ரெய்லரை இழுத்துட்டுப் போறான். நான் உங்ககிட்ட இதை வாங்கி இழுத்துக்கிட்டு சாயந்திரத்துக்குள்ள வந்துடுறேன்னு சொல்லிருக்கேன். அதான் கொஞ்சம் அவசரம்.

— இன்னைக்குக் காத்து எவ்வளவுன்னு பாத்தியா?

— மக்லவுட்ல என்னைக்குண்ணே காத்து அடிக்கல? காத்து நின்னா இந்த ஊர்க்காரங்க அத்தனை பேரும் குப்புற விழுந்துருவாங்கன்னு எங்க லெத்பிரிட்ஜ்ல ஒரு பேச்சு உண்டு.

— கேளு. உன் வண்டிக் கதவைத் திற. டிரைவர் பக்கம். அந்த மஞ்சச் சீட்டைப் படி.

— ஐயோ, அதா! அது...

— படி.

— ‘ஆளும் சரக்கும் சேர்ந்து ஆயிரத்து நானூத்தி எம்பது பவுண்டைத் தாண்டக் கூடாது.’ படிச்சாச்சு. சந்தோஷமா?

— பம்பரும் வின்ச்சும் எரநூத்தம்பது. மூடி எரநூறு. இழுப்பறை நூத்தி எம்பது. டயரு, தூக்குனது எல்லாம் ஒரு நூறு. மொத்தம் எழுநூத்தி முப்பது. அத்தனையும் அந்தச் சீட்டுலேர்ந்துதான் கழியும். நீ எவ்வளவு?

— எரநூறு. சாப்பிட்டாச்சுன்னா கொஞ்சம் கூட.

— ஐஸ்பெட்டி, ஜெனரேட்டர், விறகு, சைக்கிள் எல்லாம் ஒரு முன்னூறு. மிச்சம் எரநூத்தம்பது. இந்த ட்ரெய்லரோட மூக்கு உன் கொக்கி மேல உக்காந்து அழுத்துற எடை எழுநூத்தி எம்பது. நானே தராசுல வச்சுப் பாத்தேன். இப்ப நீ சொல்லு.

— அப்போ ஒரு... ஐநூத்தி முப்பது கூட. ஒரு பெரிய கரடி.

— முதுகுல கரடியை ஏத்திக்கிட்டு மலை ஏறப் போற.

— அதுக்குத்தானேண்ணே காத்துப்பை! ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் பையைச் சொருகி காத்தடிச்சா கரடி என்ன, யானையே உக்காந்தாலும் வண்டி நிமிர்ந்து நிக்கும். இதைச் சொன்னதே நீங்க. இருங்க, குரூப்புல நீங்க போட்ட பதிவைப் போன்லயே வச்சிருக்கேன்.

— அதை நான் அழிச்சுட்டேன்.

— நீங்க அழிச்சீங்க. வாராவாரம் எவனாவது மறுபடி எடுத்துப் போடுறானே! கேளுங்க, உங்க வார்த்தை. ‘மஞ்சச் சீட்டு வக்கீலுங்க எழுதுனது. வண்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொக்கியில பாரம் பிரிக்கிற அந்த ரெண்டு கம்பியையும் கழட்டி வீசுங்க, சும்மா கிறீச்சுகிறீச்சுன்னு கத்தும். பையில காத்து அறுபது ஏத்து, பக்கத் தகட்டு மேல ரசமட்டத்தை வை, குமிழி நடுவுல நின்னா கிளம்பு.’ அடடா, என்ன எழுத்துண்ணே! நாலாயிரம் பேர் கை தட்டிருக்கான். இன்னைக்கும் எவன் ட்ரெய்லர் மாட்டுனாலும் ரசமட்டத்தை வச்சுப் படம் போடாம கிளம்புறதில்ல.

— வாசிக்காத.

— நான் தப்பா ஒண்ணும்...

— வாசிக்காதன்னு சொல்றேன்ல! ... உக்காரு. அந்தப் படியில உக்காரு. காப்பி வேணுமா?

— வேணாம்ணே.

— ரஸல்னு ஒருத்தன் இருந்தான் குரூப்புல. ஞாபகம் இருக்கா?

— ட்ரெய்லர் கவுந்துச்சே, அந்த ரஸலா? போன ஆகஸ்ட்டு. கரண்ட் எடுக்குற காத்தாலை வரிசை தாண்டுன இறக்கத்துல.

— அவன்தான். இதே இடத்துலதான் அவன் வண்டி நின்னுச்சு. இப்ப உன் வண்டி நிக்குதே, அங்க. பையை மாட்டுனது நான். காத்தடிச்சது நான். அவன் பெரிய பொண்ணு, எட்டு வயசு இருக்கும், ரசமட்டத்தை நான் வைக்கிறேன் நான் வைக்கிறேன்னு குதிச்சுச்சு. நான்தான் அதைத் தூக்கிப் பிடிச்சேன், கைக்கு எட்டலைன்னு.

— அண்ணே...

— பை பின்பக்கத்தைத் தூக்கும், தம்பி. பாரத்தைக் குறைக்காது. கண்ணுக்கு நேரா நிக்கும், அவ்வளவுதான். பாரம் மொத்தமும் பின்சக்கரத்துல கிடக்கும், முன்சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாம ஓடும். அந்தக் கம்பி ரெண்டும் இருந்தா கொஞ்சம் பாரத்தை முன்னாடி தள்ளும், அதையும் நான் கழட்டி வீசுன்னுட்டேன். இறக்கத்துல பக்கக் காத்து ஒரு அறை விட்டுச்சுன்னா ட்ரெய்லர் வால் ஆட்டும். நீ ஸ்டீயரிங்கைத் திருப்புவ. பிடிக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது.

— குரூப்புல வேற மாதிரிச் சொன்னாங்களே. அவன் பயந்து போய் பிரேக்கை மிதிச்சுட்டான்னு. நீங்களே எழுதியிருந்தீங்க, ‘காத்து பத்தாம விட்டிருப்பான், ஓட்டத் தெரியாதவன்’னு.

— எழுதினேன்.

— அப்புறம்?

— எழுதும்போது யாருன்னு தெரியாது. ட்ரெய்லர் கவுந்துச்சுன்னுதான் செய்தி வந்துச்சு. என் வித்தையை எவனோ குறை சொல்லிருவானோன்னு முந்திக்கிட்டு எழுதினேன். சாயந்திரம் பேர் சொன்னாங்க. அவன் பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க. அவன் மட்டும் தப்பிச்சான். அவன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நான் எழுதுனதைப் படிச்சிருக்கான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும் படிச்சான்னு?

— எனக்குச் செய்தி அனுப்பினான். திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. ‘லோர்ன், நீ அறுபது சொன்னியா எழுபது சொன்னியா? கிளம்புற அவசரத்துல நான் பாக்காம விட்டுட்டேனா? தப்பு என் கையிலயா?’ன்னு கேட்டான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஒம்பது மாசம் ஆச்சு. பதில் போடல.

— ஒண்ணுமேவா?

— ஒரு வரி எழுதுவேன், அழிப்பேன். ‘தப்பு உன்னோடது இல்ல’ன்னு எழுதினா அடுத்த வரி என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும். அந்த வரிக்குக் கை வரல. என் பொண்டாட்டி மார்சி சொல்றா, நீ அவனை ரெண்டாவது தடவை கொல்றேன்னு. சரியாத்தான் சொல்றா. அதனாலதான் எல்லாத்தையும் விக்குறேன். அந்தப் பையை மட்டும் கத்தியால கிழிச்சுக் குப்பையில போட்டேன்.

— அதுக்குத்தான் இந்த விளம்பரமா.

— உனக்கு முன்னாடி பதினோரு பேர் வந்தானுங்க ட்ரெய்லர் பாக்க. ஒவ்வொருத்தன்கிட்டயும் இதே கதையைச் சொன்னேன். ஐயோ பாவம்னானுங்க. பை எங்க கிடைக்கும்னும் கேட்டானுங்க.

— அண்ணே.

— என்ன?

— எனக்கு வேணாம். ட்ரெய்லர் வேணாம். தார்ப்பாய் ஒண்ணு இருக்கு, அதைக் கட்டி அதுக்கடியில படுத்துக்கிறேன். ப்ரியான் கத்துவா, வெஸ்லி வாழ்நாள் பூரா சிரிப்பான். பரவால்ல.

— நெஜமாவா சொல்ற?

— சத்தியமா. அந்தப் பொண்ணைத் தூக்கிப் பிடிச்சேன்னு சொன்னீங்க பாருங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன். நோலாவும் இதே மாதிரிதான் நான் வைக்கிறேன்னு நிப்பா.

— கோல்ட்டன், நீ... முதல் ஆளு நீதான். ஒம்பது மாசத்துல. ஒருத்தன். இன்னைக்கு அந்த ரஸலுக்கு எழுதிடுறேன். நீ போனதும் எழுதிடுறேன்.

— எழுதுங்கண்ணே.

— இரு, இதைப் பிடி. பாரம் பிரிக்கிற கம்பி, ரெண்டும் இருக்கு. காசெல்லாம் வேணாம். பம்பரைக் கழட்டிட்டு, இழுப்பறையைக் கழட்டிட்டு, தராசுல ஏத்திப் பாத்து, அப்புறமா ஒரு சின்ன ட்ரெய்லரா வாங்கு. அன்னைக்கு இதை மாட்டிக்க.

— கம்பி இருக்குண்ணே எங்ககிட்ட. கொட்டகையில நாலு கிடக்கு. என்னோடது ரெண்டு, வெஸ்லியோடது ரெண்டு. வியாழக்கிழமை கழட்டிப் போட்டோம்.

— வெஸ்லி கம்பியை எதுக்குக் கழட்டுனீங்க?

— அதான் பை மாட்டியாச்சேன்னு... 

— வந்ததும் என்ன சொன்ன நீ? உன் பை ஜோடி எங்க இருக்குன்னு சொன்ன?

— வெஸ்லி வண்டியில...

— கோல்ட்டன். பாப்பா யார் வண்டியில போகுது?

— அண்ணே, அவன் வண்டி என்னுதை விடச் சின்னது. மூடி, பம்பர் எல்லாம் அதுலயும் இருக்கு. நான்தாண்ணே மாட்டிக் கொடுத்தேன். நான்தான் அந்தப் பதிவை அவனுக்கு அனுப்பி...

— போன் பண்ணு அவனுக்கு.

— அடிக்குது. எடுக்கல. ஓட்டும்போது எடுக்க மாட்டான், அதுல ரொம்பக் கறார்.

— உன் பொண்டாட்டிக்குப் போடு.

— போகவே மாட்டேங்குது. பாப்பா கையில கார்ட்டூன் போட்டுக் கொடுத்துட்டு, கூப்பிட்டா படம் நிக்குதுன்னு அழுவாளேன்னு லைனையே அணைச்சு வச்சிருவா.

— மறுபடி போடு. வெஸ்லிக்குப் போடு, விடாம போடு. எத்தனை மணிக்குக் கிளம்புனாங்க? எங்க இருப்பாங்க இப்ப?

— இருங்க, அவன்தான் ஏதோ அனுப்பிருக்கான். நான் பாக்கவே இல்ல. நாப்பது நிமிஷம் ஆச்சு. வழியில பெட்ரோல் போட நின்னிருக்காங்க போல, ஒரு படம்.

— எந்தப் பங்க்கு? காத்தாலைக்கு இந்தப் பக்கமா? சொல்லுடா, என்ன படம்?

— ப்ரியான் நோலாவைத் தூக்கிப் பிடிச்சிருக்கா. நோலா கையில ரசமட்டம். கீழ எழுதிருக்கான்... ‘லோர்ன் அண்ணனுக்கு எங்க நன்றியைச் சொல்லிடு. குமிழி நடுவுல நிக்குது, கிளம்புறோம்.’